கண்ணாடியில் தெரியாத தண்ணீர்

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் ஹெப்பகோடியைத் தாண்டும்போது செய்தி வந்தது. ரோஸ்லின் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் அவரைப் பார்த்தவர்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லினைத் தெரியாது. காக்ஸ் டவுனில் வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயர நீராவி இன்ஜின் ஒன்றை நிலக்கரி போட்டு ஓட்டுவார். அதன் பின்னால் கோத்த பலகை வண்டியில் நாலு பேர் உட்காரலாம். காயப்போட்ட துணியில் கரி விழுகிறது என்று அவருடைய அண்ணி சண்டைக்கு வருவார். “நாமதான் பொட்டு வைக்கிறதில்ல, உங்க புடவையாவது வச்சுக்கட்டுமே அண்ணி” என்பார் அக்கா. ஓட்டி முடித்ததும் சாம்பல் வாருவதும் எண்ணெய் துடைப்பதும் அக்காவும், ஞாயிறுதோறும் அங்கே போகும் நானும். எனக்கு அதிகம் பேச வராது. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

கொதிகலனுக்கு மழைநீர்தான் ஊற்றுவார். ஒரு கோடையில் அது தீர்ந்து, உப்புப் படியும் போர்வெல் தண்ணீரை ஊற்றவேண்டி வந்தது. அப்போதுதான் சர்ச் வளாகத்தில் பிள்ளைகளுக்கு விழா. அவருடைய அண்ணன் டேவிட், இன்ஜின் நிற்கும் ஷெட்டைத் தன் காருக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். விழாவில் ஓட்டிக் காட்டினால் ஷெட் உனக்கு என்று சொல்லியிருந்தார்.

தண்டவாளம் போட்டு, நீராவி ஏறி, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் நீர்மட்டக் கோட்டைத் தேடினேன், காணோம். முழுக்க நிரம்பினாலும் முழுக்க வற்றினாலும் அந்தக் குழாய் ஒரே மாதிரிதான் இருக்கும். வற்றிய கொதிகலன் நெருப்பின் மேல் இருப்பது பேராபத்து. திறந்தால் வருவது தண்ணீரா நீராவியா என்று காட்டுகிற சின்னத் திருகும் உப்பில் அடைத்திருந்தது.

“அக்கா, தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியல” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிள்ளைகளை விலகச் சொல்லிவிட்டு நெருப்பு முழுவதையும் கீழே கொட்டினார்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம். தண்ணீர் தாராளமாக இருந்தது. எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது.

“இந்தப் பொண்ணு பேச்ச கேட்டு நெருப்ப கொட்டிட்டியே ரோஸ்லின். உள்ள ரொம்பி நிக்குது பாரு” என்றார் டேவிட் அண்ணன்.

“அவ காலின்னு சொல்லலண்ணா. தெரியலன்னு சொன்னா. தெரியாம நான் புள்ளைங்கள ஏத்தமாட்டேன்.”

திருகைச் சுத்தம் செய்து மறுபடி நீராவி ஏற்றுவதற்குள் பிள்ளைகள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். ஷெட் காருக்குப் போனது. இன்ஜின் வீட்டுக் கூடத்தில் சோபாவின் பக்கத்தில் குடியேறியது. அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒருநாளும் வருந்தியதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டியே நான் வளர்ந்தேன்.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டுக்குத் திரும்பியதும் டேவிட் அண்ணன் இன்ஜினைக் காட்டி, உன்னால் இதைத் தனியாக ஓட்ட முடியுமா என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

“தெரியலண்ணா” என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே. ரோஸ்லின் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.