இருபுறமும் ஆள் நிற்காமல் கல் வைக்காத அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகன் சொல்லிவிட்டான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை வருமோ, யாரையாவது விட்டுவிட்டு அவர்கள் மனம் வருந்துமோ என்று பயம். "அத்தை, அப்பாவோட சேர்ந்து நின்னு வேலை பார்த்தவுங்க நீங்கதான். நீங்க எழுதாம வேற யாரு எழுதுவா?" என்றான். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

போனவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்கிறார்கள். நல்லதையும் எழுதுவேன். ஆனால் அவரோடு நான் பட்ட பாட்டையும் எழுதாவிட்டால், அவரோடு பழகிய உங்களுக்கு இது வேறு யாரையோ பற்றியது போலத் தோன்றிவிடும்.

அண்ணன் பிறந்ததும் வாழ்ந்ததும் அன்னவாசல் பக்கம், எங்கள் ஊரில். மண்வெட்டியைப் போட்டால் மண்ணுக்கு முன்னால் கல் வருகிற ஊர். அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. எங்களுக்கு மிஞ்சியது கல் நிறைந்த ஒரு கொல்லை. கடலை விதைக்க வேண்டுமென்றால் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? வரப்பின் மேல் சுவராக அடுக்கினார், ஆடு மாடு வராமல் இருக்கட்டும் என்று. முதல் சுவர் விழுந்தது. எடுத்து அடுக்கினார். மறுபடியும் விழுந்தது. அப்படி விழுந்து விழுந்துதான் அவர் தொழில் படித்தார், வேறு வாத்தியார் கிடையாது.

என் படிப்பு நின்றதும் அந்தச் சுவரில்தான். சிமெண்டு, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் வைத்து எழுப்பும் சுவருக்கு இரண்டு முகம் உண்டு. நடுவில் சில்லுக் கற்களைத் திணிக்க வேண்டும். இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்க இடையிடையே ஒரு நெடுங்கல்லைக் குறுக்கே போட வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஒன்றுபோல உயர்த்தினால்தான் நிற்கும். ஆள் நிற்காத பக்கம் கல் சரியாக உட்காராமல் சுவர் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவர் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. அந்த மறுபக்கத்து ஆளாக நான் போனேன். "ரெண்டு மழை போகட்டும் ஆத்தா, அப்பறம் பள்ளிக்கூடம் போகலாம்" என்றார் அண்ணன். எத்தனையோ மழை போய்விட்டது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கல்லைப் புரட்டினால் தேள் இருக்குமோ என்று பயம். சுவர் எழும்ப எழும்ப, விழுந்துவிடுமோ என்று பயம். "விழுந்துறாதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"விழுந்தா எடுத்து வச்சுக்கலாம். கல்லு எங்கிட்டும் ஓடிப் போகாது."

இதே பதிலைத்தான் கடைசிவரை சொன்னார். எனக்கு எரிச்சலாக வரும்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது, எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் சித்தப்பா வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் சுவர் இல்லாமல் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் வீடு ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று அண்ணனுக்கு அவசரம். சித்தப்பா வீட்டார் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். கல்யாணப் பெண் கல் தூக்கக் கூடாதென்று என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணன் எங்கள் பக்கம் மட்டும் நின்று, தன்னந்தனியாக அந்தச் சுவரை எழுப்பினார். பார்க்க அழகாக இருந்தது. எங்கள் பக்கமிருந்து பார்க்க.

பல வருடம் நின்றது. பிறகு ஓர் ஐப்பசி மழையில் சித்தப்பா வீட்டுப் பக்கம் வயிறு தள்ளிச் சரிந்தது. அங்கே கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கால் முறிந்துபோனது. சித்தப்பாவும் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, தெரு கேட்கக் கத்தினார். "ஊருக்கெல்லாம் செவரு வைக்கிறவரு, எங்க பக்கத்த மட்டும் கண்ண மூடிக்கிட்டு வச்சிருக்காரு!"

பொய்யாக இருந்தால் அண்ணன் மறந்திருப்பார். உண்மை என்பதால் மறக்கவில்லை. கன்றுக்குக் கட்டுப்போட வைத்தியரை அவர்தான் அழைத்து வந்தார். ஆனால் இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எல்லைச் சுவர் என்றால் இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து, முதல் நாள், சுவர் போகும் கோட்டைக் காட்ட இழுக்கும் நூலின் இரண்டு முனையையும் பிடித்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கல்லைக்கூட நகர்த்தமாட்டார். தோட்டத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் கல் சுவர்தான் வேண்டும் என்று போனில் படத்தைக் காட்டிக்கொண்டு கார்களில் ஆட்கள் வரத் தொடங்கிய காலம் அது. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னால் எப்படி? "நூல் பிடிக்க ஆள் தேடுற மேஸ்திரி" என்று கேலி பேசினார்கள். எத்தனையோ வேலை கைவிட்டுப் போனது. கல்யாணத்துக்குப் பிறகும் மறுபக்கத்து ஆளாக அவரோடு போய்க்கொண்டிருந்த நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கோட்டைப்பட்டினத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருடைய வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவில் சுவர் வைக்கப் போனோம். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மூத்தவர் வாசலில் நின்றார். இளையவர் சவுதியில் இருந்தார்.

"அதுக்காக, நூல் பிடிக்க சவுதியில இருந்து ஆள் வரணுமா மேஸ்திரி?" என்றார் மூத்தவர்.

"வர வேணாம் பாய். பார்த்தாப் போதும்" என்று அண்ணன் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். கல் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒரு பக்கம் கத்தினார். கடைசியில் இளையவரின் மனைவி ஒரு முனையைப் பிடித்தார். போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள். அதில் இளையவர் முகம் தெரிந்தது. மூத்தவர் மறுமுனையைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்தார்.

"காக்கா, நூல் தொய்யுது. நல்லா இழுங்க" என்றார் போனில் இருந்தவர். அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்.

"நீ அங்கேருந்து அளக்காதே. எனக்குத் தெரியும்" என்றார் மூத்தவர். அதுதான் அவர்கள் பல நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சாம். அவர்களுடைய உம்மா எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "பெத்த என்னால ரெண்டு பேரையும் ஒரு இடத்துல நிறுத்த முடியல. நீங்க ஒரு நூல வச்சு நிறுத்திட்டீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அங்கேதான் ஆத்திரம் பொங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கேட்டேன்: "ஊரான் வீட்டுக்கெல்லாம் நடையா நடந்து ஆளக் கூப்பிடுறீங்க. நம்ம கொல்லப்பக்கம் ஓட்டையா கெடக்கு. தம்பிய ஒரு வார்த்தை கூப்பிட்டா என்னண்ணே?"

"செவரு அவனுக்கும்தான? வந்து நிக்கணும்னு அவனுக்குத் தெரியாதா?"

தம்பியிடம் போய்க் கேட்டால், "அண்ணன் கூப்பிடட்டும், வாரேன்" என்பார். இவரிடம் வந்தால், "அவன் வரட்டும், வைக்கிறேன்" என்பார். நான் புகுந்த வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்ததுதான் மிச்சம். விழுந்த கற்கள் தம்பி வீட்டுப் பக்கமே கிடந்தன. பிரண்டை படர்ந்து மூடியது. அண்ணன் அங்கே கால் வைத்து எடுக்கமாட்டார். தம்பி எடுத்தும் தரமாட்டார், அப்புறப்படுத்தவும் மாட்டார்.

அந்த இடைவெளி வழியாகத் தம்பி வீட்டு ஆடுகள் வந்து அண்ணியின் கத்தரிச் செடிகளை மேயும். அவற்றில் கருப்பி என்று ஓர் ஆடு. பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் அந்த ஆட்டிடம்தான் பேசிக்கொண்டார்கள்.

"ஏ கருப்பி, அங்கிட்டு ஏன் போற? அது பெரிய மேஸ்திரி வீடு. ஒன்னையெல்லாம் மதிக்க மாட்டாக" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"கருப்பி, ஒங்க வீட்டுல போயி சொல்லு. நூல் பிடிக்க ஒரு ஆளு வந்தா வழி தன்னால அடைபடும்" என்பார் அண்ணன்.

அண்ணி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த இடத்தில் மிச்சமிருந்த சுவரும் சாய்ந்து நின்றது. குழந்தைகள் ஓடும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று நான் ஒருத்திதான் கவலைப்பட்டேன்.

கல்தூசி வாங்கிய நெஞ்சு, கடைசி வருடத்தில் அண்ணனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. வீட்டில் இருக்கும்போது கட்டிலைப் பின்பக்கம் வேம்பின் கீழே போடச் சொல்வார். அங்கே படுத்தால் அந்த இடைவெளி நேராகத் தெரியும். ஆட்டை விரட்டக்கூட மூச்சு இல்லை. கருப்பி கட்டில் வரை வந்து நிற்கும். ஒருநாள் என்னிடம், "வந்தானா?" என்று கேட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"அவருக்கு முடியலப்பா. சும்மா வந்து நூல மட்டும் பிடி. கல்ல நான் வைக்கிறேன்."

தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நானும் எத்தன வருசமாக் காத்துக்கிட்டிருக்கேன்கா. ஒரு தடவ கருப்பின்னு சொல்லாம என் பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. ஓடி வாரேன்."

இதை அண்ணனிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். கூப்பிட நினைத்தாரோ, மூச்சு வரவில்லையோ, எனக்குத் தெரியாது. அந்த வாரமே ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

அண்ணியின் அழுகுரல் கேட்டு முதலில் வந்தது தம்பிதான். வாசல் வழியே சுற்றி வரவில்லை. அந்த இடைவெளி வழியாக, கற்களின் மேல் தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தார். அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் அழுவதை விட்டுவிட்டுக் கேட்டேன்: "இந்த வழி நேத்தும் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா" என்றார். பாடைக்கு முதல் தோள் கொடுத்தார், மொட்டை போட்டுக்கொண்டார். எல்லாம் முறையாகச் செய்தார். என் ஆத்திரம் மட்டும் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால் இரண்டு பேர் மேலும்தான்.

ஆண்டு நினைவுக்குள் அந்த இடத்தை அடைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது அண்ணன் மகன் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிவிடலாம் என்றான். அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அவரு வச்ச கல்லு அங்கிட்டுத்தான கெடக்கு? அதை எடுத்து வைங்க."

நூல் பிடிக்கும் நாளன்று அண்ணன் மகன் ஒரு முனை, தம்பி ஒரு முனை. பழைய அடிக்கல் வரிசை கண்ணுக்குத் தெரியக் கிடக்கிறது. அப்படியும், "நூலு எங்க பக்கமா வருதே" என்கிறார் தம்பி. "அடிக்கல்லப் பாருங்க சித்தப்பா, என்னப் பாக்காதீங்க" என்கிறான் இவன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நூல இழுக்கச் சொன்னா வம்ப இழுக்குறீங்களேடா! இதுக்குத்தான் அந்த மனுசன் கண்ண மூடுனாரா?" என்று போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் அடங்கினார்கள்.

எங்கள் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் தம்பி. பிரண்டையை அறுத்து, தேளுக்குப் பயந்து ஒவ்வொரு கல்லையும் கம்பியால் தட்டிவிட்டு எடுத்தோம். தம்பி ஒவ்வொரு கல்லையும் அகலமாகத் தெரியும்படி வெளியே காட்டி வைத்தார். "நீளம் உள்ள போகணும் தம்பி. வெளிய காட்டுறதுக்கு இல்ல" என்றேன்.

"அண்ணன் மாதிரியே திட்டுறீங்கக்கா."

"நீ வந்து நின்னிருந்தா அவரே திட்டியிருப்பாரு."

தம்பி அடுத்த கல்லின் நீளத்தை உள்ளே திருப்பி வைத்தார். சுவர் நெஞ்சளவு வந்தது. வயிறு தள்ளவில்லை. ஆனாலும் இந்த ஐப்பசியை நினைத்து எனக்கு இப்போதே பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய், நேரம் பார்க்காமல் காத்திருந்து அழைத்து வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், வேனில் வந்து இறங்கி அழுத கோட்டைப்பட்டினத்து உம்மாவுக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கும், கடைசிவரை அவர் பிடிவாதத்தைச் சிரித்தே சகித்த அண்ணிக்கும், காரியத்தில் நின்ற பங்காளிகள், சம்பந்திகள், ஊர்க்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாரையாவது விட்டிருந்தால் என் படிப்பின் குறை, மனதின் குறை இல்லை.

சித்தப்பா மகனுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது வாய் கசக்கிறது. கசப்போடு சேர்த்தே சொல்கிறேன்.

சுவர் முடிந்த மறுநாள், கருப்பி எப்படியோ ஏறி இங்கிட்டுக் குதித்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து அதே குரல் வந்தது: "ஏ கருப்பி, அங்கிட்டு ஏன் போற? அது பெரிய மேஸ்திரி வீடு." அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லாமல் நின்றுவிட்டார். பதிலுக்குக் காத்திருந்து பழகிய வாய். வேம்பின் கீழே கட்டில் கிடந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அண்ணன் சொல்லியிருக்கக்கூடியதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆட்டைத் தூக்கிச் சுவருக்கு மேலே நீட்டினேன். அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொண்டன.