நானாவின் குரல் எட்டாத மைதானம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு மணி நேரம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரதம், நேர்த்தி ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் புது ஸ்டேடியம் திறந்தார்கள். திறந்த கையோடு உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. பவிலியனில் இரண்டாவது வரிசையில் எனக்கும் ஒரு கதிரை; சட்டையில் ஒரு பட்ஜ். நாலு மணி வெயில் நேரே முகத்தில். பந்து எங்கே, ஆள் எங்கே, யார் உதைத்தது... கையால் வெயிலை மறைக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. முன் வரிசையில் பிரதம விருந்தினர் நிகழ்ச்சி நிரலை நெற்றிக்கு மேல் பிடித்தபடி இருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், மனிதர் மைதானத்துக்கு சல்யூட் அடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னேரப் போட்டி பார்ப்பதற்கான பவிலியனை மேற்குப் பார்க்கக் கட்டுவார்களா? கட்டினார்கள். ஏன் தெரியுமா?

நிலையம் எடுத்தார்கள்.

வீடு கட்ட முதல் ஆசாரியைக் கூப்பிட்டு, வாசல் எந்தப் பக்கம், முதல் கல் எந்த மூலை என்று நிலையம் எடுப்பது நம்மவர் வழக்கம். நல்ல வழக்கம்தான் — வீட்டுக்கு. இங்கே பவிலியனுக்கும் ஆசாரி வந்தார். தேங்காய் உடைத்தார். வாசல் கிழக்குப் பார்த்தால்தான் ஊருக்கு நல்லது என்றார். பவிலியனுக்கு வாசல் முதுகுப் பக்கம்; வாசல் கிழக்கு என்றால் உள்ளே இருக்கிறவன் முகம் மேற்கு. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் பன்னிரண்டு பேர் கொண்ட கமிட்டிக்கு விளங்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். மறைத்து என்ன பயன்? பிளானை மேசையில் விரித்தபோது நான் வடையில் கவனமாக இருந்தேன். "நல்லாயிருக்கு" என்றேன். எல்லோரும் அதைத்தான் சொன்னோம்.

சரி, பவிலியன் போகட்டும். வெயில் ஆறு மணிக்கு இறங்கிவிடும். ஓடுபாதை இறங்குமா?

உதைபந்து மைதானத்தைச் சுற்றி பெரிய ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு, கோட்டுக்கு வெளியே கயிறு, கயிற்றடியில் சிவப்பு ரிபன் குத்திய தொண்டர்கள். நம்மூரில் ஓடுகிறவர் யார்? வருடத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மற்ற நாட்களில் பயிருக்குள் மாடு இறங்கினால் ஓடுவோம். அதற்குப் பாதை தேவையில்லை. அந்த ஒரு நாள் ஓட்டத்துக்காக, வருடம் முழுக்க மட்ச் பார்க்கும் சனத்தைப் பந்திலிருந்து ஒரு வயல் தூரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

சனம்தான் எங்கே? மதிலுக்கு வெளியே.

நம் பக்கத்தில் மட்ச்சுக்கு எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ட்ரக்டரில். பின்னால் இழுக்கும் பெட்டியில் இருபது பேர் — பெண்கள், குழந்தைகள், கச்சான் கடலைச் சுருள், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து. பழைய மைதானத்தில் கோட்டுக்குப் பத்தடி தள்ளி ட்ரக்டரை நிறுத்தினால் அந்தப் பெட்டிதான் கலரி. புது ஸ்டேடியத்தின் கேற் ஒரு ஜீப் நுழையும் அகலம். பிரதம விருந்தினர் ஜீப்பில்தானே வருவார்? ட்ரக்டர்கள் கேற்றில் நின்றன. கொஞ்ச நேரம் தர்க்கம் நடந்தது. பிறகு எல்லாம் மதிலோரம் வரிசையாக நின்றன. நடந்து உள்ளே போனாலும் கயிற்றுக்குப் பின்னால் நிலத்தில்தான் நிற்க வேண்டும்; பெட்டியில் நின்றால் உயரமாவது கிடைக்கும். சனம் பெட்டிகளில் ஏறி நின்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. தங்கள் ஊர் ஸ்டேடியத்தைக் களவாகப் பார்க்கும் சனத்தை நான் அன்றுதான் கண்டேன்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்கிற ஆள் இல்லை நான். பழைய மைதானம் குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. சாணிக்குப் பஞ்சமில்லை. நெருஞ்சி முள் இலவசம். பந்து கட்டைத் தாண்டினால் யாராவது குளத்துக்குள் இறங்க வேண்டும். ஆனால் குளக்கட்டு மேற்குப் பக்கம். கட்டில் வரிசையாக மருத மரங்கள். நாலரைக்கே நிழல் பாதி மைதானத்துக்கு வந்துவிடும். சனத்துக்கும் பந்துக்கும் இடையில் ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும்தான்.

அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான் ராமையாவின் மானமே இருந்தது. இந்த வாரம் நான் எழுத வந்தது அதைத்தான்.

ராமையா எங்கள் குழுவின் கோல்கீப்பர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து மனைவி பிள்ளைகளோடு ஓடி வந்தவர். வழியில் பட்ட அடியில் இடது கண் பார்வை போய்விட்டது. இங்கே மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்று, இப்போது குத்தகைக்குத் தானே தோட்டம் செய்கிறார். வந்த புதிதில் எங்கள் ஊர் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது தெரியுமா? 'தோட்டக்காட்டான்.' எழுதக் கை கூசுகிறது. கூப்பிட்டவர்களுக்கு வாய் கூசவில்லை.

ஒருநாள் எங்கள் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். குளக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராமையாவை ஆளில்லாக் குறைக்கு இறக்கினார்கள். மனிதர் ஒரு பெனல்டியைப் பிடித்தார். மறுநாள் முதல் அவர் 'ராமையா அண்ணை'. கடையில் இருக்கக் கதிரை, கலியாண வீட்டில் முதல் பந்தி. நம் சனம் மனிதனை மனிதனாக மதிக்க ஒரு பெனல்டி தேவைப்பட்டது என்பது வேறு கதை.

ஒற்றைக் கண்ணோடு கோல் காப்பது எப்படி? இடப்பக்கத்தால் வரும் பந்து தெரியாதே?

அதற்குத்தான் ஹனிபா நானா இருந்தார். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டு வரும் வியாபாரி. அவர் ஒழுங்கை முனையில் கூவினால் அடுத்த ஒழுங்கையில் சட்டி கழுவுவார்கள். மட்ச் நாளில் வியாபாரத்தை முடித்துவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் இடப்பக்கமாக வந்து நிற்பார். எதிரி இடப்பக்கத்தால் வந்தால் மீன் பெயர் சொல்லிக் கூவுவார். 'சூடை' என்றால் தாழ்ந்த பந்து. 'பாரை' என்றால் உயர்ந்த பந்து. சத்தமில்லாவிட்டால் இடப்பக்கம் ஆளில்லை என்று அர்த்தம். வலப்பக்கத்துக்கு ராமையாவுக்கு யாரும் தேவையில்லை.

வெளியூர்க் குழுக்கள் நெடுங்காலம், இந்த மனிதர் மீன் விற்கிறார் என்றே நினைத்தன. ஒரு குழு முறையிட்டது. ரெஃபரி யோசித்துப் பார்த்து, மீன் பெயர் சொல்லக் கூடாது என்று சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். இடைவேளையில் குழுக்கள் பக்கம் மாறும்போது நானாவும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கம் மாறுவார். ஐந்து வருடம் இப்படித்தான் நடந்தது. ராமையாவுக்கு ஒரு கண் இல்லை என்பதையே ஊர் மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானாவைக் கயிற்றடியில் மறித்தார்கள்.

"பட்ஜ் இல்லாத ஆக்கள் இதுக்கு உள்ளுக்கு வரேலாது" என்றார் ஒரு தொண்டர்.

"தம்பி, நான் மட்ச் பார்க்க வரேல்ல. நான் விளையாட வந்தனான். ராமையாட்டக் கேட்டுப் பாரும்" என்றார் நானா.

தொண்டர் சிரித்திருக்கிறார். அறுபது வயது மனிதர், இடுப்பில் கட்டிய சாரமும் மீன் வாடையுமாய் நின்று விளையாட வந்தேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? சரி, கயிற்றுக்கு வெளியே நின்று கூவுவோம் என்று நின்றுகொண்டார். அங்கிருந்து கோல் கம்பம், சொன்னேனே, ஒரு வயல் தூரம். அது போதாதென்று மைதானத்தின் நாலு மூலையிலும் ஒலிபெருக்கிக் குழாய். மட்ச் நடக்கும்போதே மைக்கில் ஒருவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். காணி தந்தவருக்கு நன்றி, மாலை கட்டியவருக்கு நன்றி, சோடா தந்தவருக்கு நன்றி...

எதிரில் ஓமந்தைப் பக்கத்துக் குழு. முதல் கோல் இடப்பக்கத்தால் போனது. ராமையா அசையவில்லை. பந்து வலையில் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதும் அப்படியே. பிறகு அந்தப் பொடியளுக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் போக அவர்கள் என்ன கமிட்டியா? இடைவேளைக்குப் பிறகு எல்லாப் பந்தும் இடப்பக்கத்தால்தான் வந்தது.

மூன்றாவது கோலுக்கு முன் நானா கயிற்றைத் தாண்டி ஓடுபாதையில் ஓடினார். அந்தப் பாதையில் முதன்முதலாக ஓடியவர் அவர்தான். இரண்டு தொண்டர்கள் பிடித்து இழுத்துப்போனார்கள். ராமையா கோல் வாயில் நின்று இடப்பக்கம், வலப்பக்கம், திரும்ப இடப்பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பந்தைத் தேடவில்லை, நானாவின் குரலைத் தேடினார். அது எனக்குத் தெரியும். இன்னும் நூறு பேருக்குத் தெரியும். ஆனால் அந்த நூறு பேரும் மதிலுக்கு வெளியே நின்றார்கள்.

பவிலியனில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "எந்த விசரன் குருடனைக் கொண்டுவந்து கோலுக்கு விட்டவன்?"

சிரித்தார்கள்.

நான் எழுந்து போய் மைக்கைப் பிடித்து, "நன்றி சொன்னது காணும், அந்த மீன்காரரை உள்ளே விடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். மைக் இருபதடி தூரத்தில் இருந்தது. பட்ஜும் இருந்தது. நான் எழும்பவில்லை. விருந்தினர் இருக்கும் சபையில் எப்படி எழும்புவது என்று இருந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மட்ச் முடிந்ததும் கழகச் செயலாளரைப் பிடித்தேன். "சபாநாதன், பிழை ராமையாவில இல்லை. நானாவைக் கம்பத்தடிக்கு விட்டிருந்தால் இப்பிடி வந்திருக்காது" என்றேன்.

"அண்ணை, அது பழைய கிரவுண்டில சரி. இது ஸ்டேடியம். பின்னால நிண்டு மீன் கூவ விடேலுமே? ஸ்டேடியத்துக்கு ஏத்த மாதிரி டீமும் இருக்க வேணும். ஆளை மாத்தப் போறம். ராமையாட்டச் சொல்லியும் போட்டன்."

"என்னெண்டு சொன்னனீர்?"

"கண் தெரியாது எண்டுதான். வேற என்னத்தைச் சொல்லுறது?"

கேட்டீர்களா? ஸ்டேடியத்துக்கு ஏற்ற மாதிரி மனிதர் இருக்க வேண்டுமாம். மனிதருக்கு ஏற்ற மாதிரி ஸ்டேடியம் கட்டினால் என்ன குறைந்துபோகும்? செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலையை நம்மவர்கள் எங்கே படித்தார்கள்? பழைய மைதானத்தில் விளையாடுவோம் என்றால் அதற்கும் வழியில்லை. அங்கே சங்கத்து நெல் ஸ்டோருக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. அதற்கும் நிலையம் எடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சந்தையில் ஹனிபா நானாவைக் கண்டேன். கூவாமல் மீன் விற்றுக்கொண்டிருந்தார். "மாஸ்டர், என்ர குரல் கடல்ல நிக்கிற வள்ளத்துக்கும் கேட்கும். அந்தக் குழாயைத் தாண்டேல்ல. ராமையாட முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றார். அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டேன்.

புதன்கிழமை ராமையாவின் தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வரும் வழியில் கடையடியில் இரண்டு பேரிடம் அவர் நிற்கிற இடம் கேட்டேன். "ஆர், அந்தக் குருடனோ?" என்றுதான் இரண்டு பேரும் கேட்டார்கள். மூன்று நாள். ஐந்து வருடமாக இருந்த 'அண்ணை' மூன்று நாளில் போய்விட்டது.

என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். கை கழுவிக்கொண்டு, "வாங்கய்யா" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தேன். கண் ஒன்று இல்லாமல் ஐந்து வருடம் கோல் காத்ததே பெரிய காரியம், அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. வரம்பில் குந்தியிருந்து ஒரு கைப்பிடி மண்ணால் வாய்க்கால் மடையை அடைத்தார்.

"இங்க வந்ததுல இருந்து எனக்கு ரெண்டு கண்ணும் இருந்திச்சுங்கய்யா. ஒண்ணு போனது போன ஞாயித்துக்கிழமைதான்."

எழுபத்தேழில் அவரை அடித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த முறை செய்தவர்களின் பெயர்கள் பன்னிரண்டும் பவிலியன் சுவரில், சலவைக்கல்லில் இருக்கின்றன — ஏழாவது பெயர் என்னுடையது.