பின்சீட்டில் அப்பா

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் ஒரு காண்டசா கார் இருந்தது. தெருவில் எல்லோரும் சின்னச் சின்னக் கார்களுக்கு மாறிவிட்டிருந்தார்கள். எங்களுடையது மட்டும் நீண்ட மூக்கும் அகன்ற பின்புறமுமாக இரண்டு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்பா வாங்கும்போதே அதற்கு என்னைவிட வயது அதிகம். என்ஜின் சத்தம் கேட்டாலே அப்பாவின் முதுகு நிமிர்ந்துவிடும். ஆபீசில் பகல் முழுக்க ஃபைல் பார்க்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆளாகிவிடுவார்.

அரையாண்டு லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பச்சைமலைக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வந்தது. அப்பா சட்டென்று ஒடித்தார். வயதாகித் தளர்ந்துபோன ஸ்பிரிங்குகள்; வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய், ஓரத்துக் கல்லை ஒட்டி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஜீப்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "மெதுவா போங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். என்னையும் இறக்கினாள். "இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேங்க" என்றாள், சத்தம் போடாமல்.

பக்கத்துக் கிராமம் வரை நடந்தோம். அங்கே பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அப்பாவும் சற்றுத் தள்ளிக் காரில் உட்கார்ந்து காத்திருந்தார். பஸ் வந்ததும் நாங்கள் ஏறிக்கொண்டோம். துறையூர் வரைக்கும் பின் கண்ணாடி வழியாக எங்கள் கார் வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா தனியாகப் போவது எனக்குப் பாவமாக இருந்தது. அம்மா திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் அம்மா எங்கே போனாலும் பஸ்தான். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் துணிக்கடைக்குப் போனால், அப்பா முன்பே காரில் வந்து கடை வாசலில் நிற்பார். பையை மட்டும் காரில் வைத்துவிட்டு அம்மா பஸ் ஏறப் போவாள்.

அப்பா கடைசியில் பாலக்கரையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி மூன்று வாரம் அவருடைய ஷெட்டில் நின்றது. முன்பக்கம் கெட்டியான ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர், பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக இரண்டு பட்டை, வண்டி சாயாமல் இழுத்துப் பிடிக்க முன்னால் குறுக்கே ஒரு கம்பி. ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும் சார். ஆனா மேடு பள்ளம் எல்லாம் முன்னைவிட தெரியும். பின்னாடி உட்கார்றவங்களுக்கு கொஞ்சம் தூக்கிப் போடும்."

அப்பா முதல் பாதியை மட்டும் கேட்டார் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை மட்டும்தான் சொன்னார்.

ஒரு வாரம் கெஞ்சிய பிறகு அம்மா வர ஒப்புக்கொண்டாள். மறுபடியும் பச்சைமலைதான். முன்னால் உட்கார்ந்தால் வளைவெல்லாம் கண்ணில் படுகிறது என்று என்னோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதே வளைவு வந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி இம்மிகூடச் சாயாமல் திரும்பியது.

"பரவாயில்லையே" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையை அப்பா ஒரு மாதத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசில் சொன்னார், பால்காரரிடம் சொன்னார். உறவுக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனார். எல்லோரும் இறங்கியதும் பிரமாதம் என்றார்கள். ஒருவரும் இரண்டாவது முறை ஏறவில்லை. பெரியப்பா, டாக்டர் தன்னை நடக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அத்தை, இந்த வருஷம் சமயபுரத்துக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் திடீரென்று ஆரோக்கியமும் பக்தியும் கூடிவிட்டதாக நான் நம்பினேன்.

அம்மா மட்டும் எப்போதும் வந்தாள். எங்களுக்குள் அப்போது ஒரு விளையாட்டு உண்டானது. ஸ்பீடு பிரேக்கர் வருவதைப் பார்த்ததும் அம்மா இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வாள். முதலில் நான் அவளைப் பார்த்துச் செய்தேன். பிறகு யார் முதலில் தூக்குவது என்று போட்டி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து சத்திரத்துக்குள் எத்தனை ஸ்பீடு பிரேக்கர், எந்தக் கடைக்கு எதிரே எந்தப் பள்ளம் என்று எனக்கு மனப்பாடம். பெரும்பாலும் அம்மாதான் ஜெயிப்பாள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தரையில் நேராகப் படுத்திருப்பாள். ஜெயித்த களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆபீஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுப்போனது. மாவுக்கட்டு போட்டார்கள். அந்தச் சமயத்தில் அம்மாவுக்குச் சமயபுரம் போகவேண்டியிருந்தது. நான் ஓட்டுகிறேன் என்று பாய் வந்தார்.

"பாய் பக்கத்துல உட்கார்ந்தா என் கால் பிரேக்கைத் தேடும்" என்று சொல்லி அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு ஜன்னல் அவருக்கு, ஒரு ஜன்னல் அம்மாவுக்கு, நடுவில் நான். அந்தக் காரின் பின்சீட்டில் அப்பா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் நானும் அம்மாவும் தூக்கிக்கொண்டோம். அப்பா "அம்மாடி" என்றார். அடுத்ததில் அவர் தலை கூரையில் இடித்தது. கொள்ளிடம் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு வண்டி தடதடத்தது. அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு விளையாட்டு தெரியவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா, வர்றது தெரிஞ்சதுமே தூக்கிக்கணும். இல்லேன்னா அடிக்கும். நானும் அம்மாவும் எப்பவும் அப்படித்தான் வருவோம்."

"எப்பவுமா?" என்றார் அப்பா. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ ஏதோ விளையாட்டா சொல்றா. வண்டி நல்லாத்தான் இருக்குங்க."

டோல்கேட் தாண்டி சமயபுரம் போய்ச் சேரும்வரைக்கும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அப்பா அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயிலுக்குள் போகும்போது, வழக்கமாக நாலு அடி முன்னால் நடக்கிறவர், அம்மாவின் அர்ச்சனைக் கூடையை இடது கையில் வாங்கிக்கொண்டு அவள் வேகத்துக்கு நடந்தார். அம்மா எவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்பதை நானும் அன்றுதான் கவனித்தேன்.

கட்டுப் பிரித்த மறுநாளே அப்பா வண்டியைப் பாலக்கரைக்குக் கொண்டுபோய், சேர்த்த இரண்டு பட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டார். ஷாக் அப்சார்பரையும் கொஞ்சம் மிருதுவானதாக மாற்றிக்கொண்டு வந்தார். எனக்கு ரொம்பக் கோபம். ஊன்றித் தூக்குவதற்கு இனி வேலையே இல்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டி தானே மெத்தென்று ஏறி இறங்கியது. போதாததற்கு வளைவுகளில் மறுபடியும் கொஞ்சம் சாய்ந்தது. அதைச் சரிக்கட்ட, வளைவு வந்தாலே அப்பா வேகத்தைக் குறைத்தார். மொபெட்டுகள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏம்ப்பா, பாய் சரியா பண்ணலையா?" என்று ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன்.

"இல்லடா, சரியாத்தான் பண்ணியிருக்கார்" என்றார்.

நான் நியாயம் கேட்க அம்மாவைப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தக் காரில் அம்மா தூங்கி நான் பார்த்ததே கிடையாது. உடம்பு சரியில்லையோ என்று பயந்து எழுப்பக் கையை நீட்டினேன்.

அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேகத்தை இன்னும் குறைத்தார். வீட்டைத் தாண்டி நேராகப் போய், ஆற்றங்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் வரைக்கும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். வீடு வந்தும் ஏன் நிறுத்தாமல் போகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.