சொல்ல மாட்டோம் என்று சொல்லி எடுத்த ரத்தம்

இடது கன்னத்தின் உட்பக்கத்தில் எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மேற்குத் தாம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாயில் பான் மசாலா போட்டுவிடுவேன். காரமான சாம்பார் எரிந்தது, பிறகு வெறும் மோர்சாதமே எரிந்தது. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள், நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் கோவளம் பக்கத்து மீன்காரம்மா ஒருவர். அவருக்கு நாக்கின் ஓரத்தில் புண்; புகையிலை அடக்கும் பழக்கம். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்து, ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் தருவீர்களா என்று எங்களைக் கேட்டார்.

கட்டியிலிருந்து சில செல்கள் பிரிந்து ரத்தத்தில் சுற்றுமாம். கோடிக்கணக்கான ரத்த அணுக்களுக்கு நடுவே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அப்படி இருப்பவர்களுக்கு நோய் திரும்ப வருகிறதா என்று சில வருஷம் கவனிக்கப் போகிறார்கள். முடிவை மட்டும் எங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “ரத்தத்தை எடுப்பீங்க, அதுல என்ன இருக்குன்னு சொல்ல மாட்டீங்களா?”

“இருந்தா என்ன அர்த்தம், இல்லேன்னா என்ன அர்த்தம்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியலைம்மா. அதைச் சொல்லி உங்களை ஏன் பயமுறுத்தணும்?”

மீன்காரம்மா முதலில் கையை நீட்டினார். “எத்தினியோ வாட்டி குத்திட்டாங்க, நீயும் குத்திக்கோ. ஆனா எனுக்கு மட்டும் காதுல சொல்லிடு.”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார்.

“இன்னாம்மா, பேஜார் பண்றியே” என்றார் மீன்காரம்மா. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நானும் கொடுத்தேன்.

கன்னத்தை வெட்டி, நெஞ்சிலிருந்து சதை எடுத்து ஒட்டினார்கள். பிறகு கதிர்வீச்சு. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. குழைந்த ரசஞ்சாதமே சாப்பாடு. கடைக்குத் திரும்பியபோது, என் பேச்சு புரியாத வாடிக்கையாளர்கள் பல்பையோ ஒயரையோ கையால் காட்டிக் கேட்கப் பழகினார்கள்.

வலியைவிட அந்த ரத்தம்தான் என்னைப் படுத்தியது. முதுகு பிடித்துக்கொண்டால், அந்தச் செல் எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று தோன்றும். இருமினால் நுரையீரல். மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்த டாக்டரம்மாவின் முகத்தையே பார்ப்பேன். என்னைப் பார்த்து அவர் சிரித்தால், பாவம் என்று சிரிக்கிறாரோ என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன்.

“அவங்களுக்கும் தெரியாதுங்க. பேர் போடாம நம்பர் போட்டுத்தான் டியூப் போகுதாம், நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன்” என்று ஒருநாள் மனைவி சொன்னாள். நான் பயந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் மீன்காரம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது; நோய்தான் திரும்பியிருந்தது. மறுபடி ஆபரேஷன்.

அதற்கு அடுத்த வருஷம் ஆராய்ச்சி முடிந்தது. பொதுவாக, செல்கள் தென்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்ததாம். எல்லாருக்கும் அப்படி இல்லையாம். கேட்பவர்களுக்கு மட்டும் அவரவர் முடிவைச் சொல்ல அனுமதி கிடைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

“வேண்டாம்” என்றாள், அன்று சண்டை போட்ட என் மனைவி. எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் கேட்டேன். என் ரத்தத்தில் செல்கள் இருந்திருக்கின்றன. டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் நோய் திரும்பாததுதான் இப்போது முக்கியம் என்றும் சொன்னார்.

வெளியே வந்தால் வராந்தாவில் மீன்காரம்மா. கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடியிருந்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது.

“எனுக்கு ஒண்ணுமே இல்லியாம்ண்ணே. அப்போ இது இன்னாது?” என்று முந்தானையை விலக்கிக் காட்டினார்.

என்னுடையதைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத்தானே கீறே” என்றார். பிறகு, இப்போது தனக்குப் பதிலாக மருமகள்தான் மீன் கூவுகிறாள், அது தெருக்கோடி வரை கேட்கவில்லை என்றும், அதனால் மீன் மத்தியானம்வரை தேங்கிவிடுகிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் மனைவியிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள், “இப்ப இருக்கா?”

“அது அன்னிக்கு எடுத்த ரத்தம்.”

“அப்ப இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க.”

“அந்த ஆராய்ச்சி முடிஞ்சு போச்சும்மா. டாக்டருங்க கழுத்தைக் கையால தடவிப் பார்க்கிறதுதான் இனிமே.”

ரயில் பல்லாவரத்தில் நின்றது. அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் அழுத்திப் பார்த்தாள். எதிர் சீட்டில் இருந்தவர் பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.