பஞ்சு வில்லில் விழுந்த உளு

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சொத்தென்று இருந்தது ஒரு வில்தான். மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிற வில். ஆள் உயர வாகைக் கட்டை, இரண்டு முனைக்கும் இழுத்துக் கட்டிய ஆட்டு நரம்பு. நரம்பைப் பஞ்சுக் குவியலில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் பஞ்சு பிரிந்து பறக்கும். நிக்காவுக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் தம் கையாலேயே செதுக்கியது. அவர் பஞ்சு கொட்டுவார், நான் மெத்தை தைப்பேன்.

காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மெத்தைகள் சொல்லியிருந்தார். அந்த வேலை நடக்கும்போதுதான், அடுப்படியில் இருந்த எனக்கு வில்லின் சத்தம் வித்தியாசமாகப் பட்டது.

"ஏனுங்க, சத்தம் அமுங்கிக் கேக்குதுங்க."

"நரம்பு தளந்திருக்கும்" என்று புது நரம்பு கட்டினார். அப்படியும் தெளியவில்லை.

மறுநாள் கூட்டும்போது வில் மாட்டிய சுவரோரம் மாவு போல ஏதோ காலில் ஒட்டியது. பஞ்சுத் தூசி விரலில் உருட்டினால் சுருளும். இது சுருளாமல் வழுக்கியது. கிழிந்த குடையின் கறுப்புத் துணியை வில்லுக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் அதன்மேல் சின்னச் சின்னக் குவியலாக மரத்தூள். வில்லைத் திருப்பினால் குண்டூசித் துளைகள்.

"உளு விழுந்திருக்குங்க."

"நான் பாத்து வெட்டின மரம் அது" என்றார். காலைச் சோற்றைத் தொடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. புதுப்பெண் வந்து அவர் கைவேலையைக் குறை சொன்ன மாதிரி ஆயிற்றே.

மத்தியானம் அவரே வந்து, "மெத்தை ஊசியக் கொடு" என்றார். வில்லை மடியில் போட்டு முனையிலிருந்து குத்திக்கொண்டே போனார். ஓரத்து வெளுத்த பாகத்தில் ஊசி லேசாக இறங்கியது. உள்ளே கறுத்த வைரத்தில் முட்டி நின்றது.

"வெள்ளையத்தான் தின்னிருக்கு. வைரம் கெட்டியா இருக்கு." குரலில் தெம்பு வந்திருந்தது.

பக்கத்திலேயே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தேன். விரிசல் மட்டும் கறுப்பாக நின்றது. மரத்தின் நார் போன வாக்கிலேயே அதுவும் போயிருந்தது.

"குறுக்கே போயிருந்தா வெறகுதான். இது தாங்கும்" என்றார்.

உளுத்ததைச் செதுக்கி எடுத்தார். மிச்சத் துளைகளில் நான் இங்க் ஃபில்லரால் மண்ணெண்ணெய் விட்டேன். நன்றாக உலர்ந்ததும் விரிசலில் வச்சிரப் பசை பூசி, நூலை நெருக்கமாகச் சுற்றினோம். அவர் பிடிக்க நான் சுற்ற, அன்றுதான் கூச்சமில்லாமல் அவரோடு பேசினேன் என்று நினைக்கிறேன். அதன்பிறகு வேலை முடிந்ததும் நரம்பைத் தளர்த்திவிடுவார். அடியின் வேகத்தையும் குறைத்துக்கொண்டார்.

மெத்தைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் காங்கேயம் போய்க் கொடுத்தோம். திரும்பும்போது வண்டி காலி. கால் நீட்டி உட்கார்ந்து, "நீ சொல்லாட்டி வேலை நடுவுல ஒடிஞ்சிருக்கும்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

அந்த வில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் மூலனூரிலிருந்து என் அண்ணன் அனுப்பிய வேப்பங்கட்டை நிழலில் காய்ந்து புது வில்லாகிவிட்டது. பழையதை அடுப்புக்குப் போட அவருக்கு மனசில்லை. மழை நாளில் துணி காய வைக்க, கூரைக்கடியில் குறுக்காகக் கட்டிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளின் சட்டைகளெல்லாம் அதில்தான் காய்ந்தன.