பத்துக்குப் பத்து

கல்லூரிப் பேச்சுப்போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டால் பிள்ளைகள் முகம் சுருங்கும். குரலுக்குப் பத்து, தங்குதடையில்லாத ஓட்டத்துக்குப் பத்து, கருத்துக்குப் பத்து என்று தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். நான் எந்தக் கட்டத்திலும் எட்டைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் மூன்றிலும் பத்து போட்டேன்.

பேசியவள் தேவாரம் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டாமாண்டு மாணவி. தலைப்பு 'தலைமை'. அவள் எடுத்துக்கொண்ட தலைவன், யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று குவித்த அந்த ஜெர்மன் சர்வாதிகாரி. அவன் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் திடுக்கிட மாட்டார்கள். கண்டிப்பான ஆசிரியர் என்றால் அவன் பெயரைத்தான் பட்டப்பெயராக வைப்பார்கள். தமிழ்த்துறையிலும் பெண்கள் விடுதியிலும் எனக்கு அதே பெயர்தான். சேச்சே என்று நான் சொன்னதே இல்லை. பல வருஷம் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன்.

தோற்றுக் கிடந்த தேசத்தைத் தூக்கி நிறுத்தியவன் என்றாள் அந்தப் பெண். உள்ளேயே இருந்து உறிஞ்சிய அட்டைகளை உதறி எறிந்தவன் என்றாள். அரங்கம் கைதட்டியது. உள்ளே, உறிஞ்சிய, உதறி என்று சொற்கள் அடுக்கி வந்த அழகில் நானும் தலையாட்டினேன். அட்டை என்று யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். முப்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்த ஒரு நொடி வாய்க்கவில்லை.

கேடயம் கொடுக்கச் சிறப்பு விருந்தினராக மேடையில் இருந்தவள் எங்கள் விடுதியில் தங்கியிருந்த கொச்சிப் பெண். ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேனைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். வாரத்தில் மூன்று நாள் ஜீப்பில் மலையேறி எஸ்டேட்டுக்குப் போவாள். மற்ற நாள் எங்கள் ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பாள். கொச்சியில் மிச்சமிருக்கும் சில யூதக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. விடுதி விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள். விடுதிக் காப்பாளராக அதில் கையெழுத்துப் போட்டவள் நான். ஆக, தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

முதல் பரிசு பெற்ற மாணவிக்கு அவள் கேடயத்தைக் கொடுத்தாள். போட்டோவுக்கு நின்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் அறைக்குப் போனபோது பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டிலேயே ஓர் அறை கேட்டிருக்கிறாளாம், திங்கட்கிழமை ஜீப்பில் போய்விடுவாளாம். மைக்ராஸ்கோப் இல்லாமல் மேலே அவளால் பாதி வேலைகூடச் செய்ய முடியாது. ஆராய்ச்சி கெட்டாலும் பரவாயில்லை, இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றுதான் கிளம்புகிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"அந்தக் குட்டி மேல தேஷ்யம், கோபம் இல்ல டீச்சர்," என்றாள் மலையாளம் கலந்த தன் தமிழில். "எங்கேயோ பார்த்து மனப்பாடம் பண்ணிட்டா. நீங்க பத்து போட்டீங்களே."

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓயாது. அன்று வந்தது வெட்கம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை முதல்வரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஆறப்போட்டே பழகியவர்.

"ஏம்மா இதப் பெருசாக்குறீங்க? அந்தப் புள்ளகிட்ட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவோம். கொச்சிப் பொண்ணுக்கு ஒரு பொன்னாடையப் போத்துவோம். சோலி முடிஞ்சுச்சு."

எங்கள் கல்லூரியில் எந்த மனவருத்தத்துக்கும் பொன்னாடைதான் மருந்து. ஓய்வு பெற்ற ஓர் ஊழியரின் பெயரைப் பிரிவுபசார விழா அழைப்பிதழில் தப்பாக அச்சடித்துவிட்டு, அவருக்கும் அதைத்தான் போர்த்தினோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழுதுகொண்டே போனார்.

"மார்க் போட்டது நான் சார். அந்தப் புள்ள ஏன் கடிதம் எழுதணும்?" என்றேன். "திங்கக்கிழம காலைக் கூட்டத்துல எனக்குப் பத்து நிமிசம் குடுங்க."

"நான் குடுக்கலன்னா?"

"கேக்காமப் பேசிருவேன் சார்."

அவருக்கு என்னைத் தெரியும். சரி என்றார். எழுந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காமர்ஸ் சார் காதுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க. காஸா நியூஸ் பாத்து மனுசன் கொதிச்சுப்போய்க் கெடக்காரு," என்றார். வணிகவியல் பேராசிரியர்தான் போட்டிக்கு இன்னொரு நடுவர். போடியில் மளிகை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. முதல்வர் சொன்னதை நம்பிவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மத்தியானம் மாணவியை நூலகத்துக்குக் கூப்பிட்டேன். மதிப்பெண்ணைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கதான மேடம் பத்து போட்டீங்க? தப்புன்னா அங்கேயே சொல்லிருக்கலாம்ல," என்றாள். நியாயமான கேள்வி. ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பிறகு அந்த முகாம்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ரயிலில் அடைத்துக் கொண்டுபோனது, தாயையும் பிள்ளையையும் வேறு வேறு வரிசையில் நிறுத்தியது, எல்லாம் அதில் இருந்தது. நாலைந்து பக்கம் படித்துவிட்டு மூடினாள். "நான் பாத்த வீடியோவுல இதெல்லாம் வரல மேடம்," என்றாள். புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கேடயத்த நானே கொண்டாந்துர்றேன்," என்றாள்.

திங்கட்கிழமை மைதானத்தில் எல்லோரும் நின்றார்கள். கொச்சிப் பெண் கடைசி வரிசைக்குப் பின்னால், கேட்டை ஒட்டி நின்றாள். அவளுக்கான ஜீப்பு வெளியே வந்துவிட்டிருந்தது. நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஐந்நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பினால் அது இன்னொரு கொடுமை.

என் மதிப்பெண் தாளை எடுத்து அப்படியே வாசித்தேன். கருத்துக்குப் பத்துக்குப் பத்து. அந்தப் பத்து தப்பு என்றேன். ஒரு கூட்டத்து மனிதர்களை அட்டை என்று சொல்லிப் பழகிய பிறகுதான் அவர்களைக் கொல்வது அந்த நாட்டில் சுலபமானது, அதே வார்த்தைக்குத்தான் நானும் தலையாட்டினேன் என்றேன். மாணவிக்குத் தண்டனை கிடையாது, அவள் பேசியதைத் திருத்த வேண்டிய நான்தான் தூங்கிவிட்டேன் என்றேன். இனிமேல் யாரும் என்னை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிடக் கூடாது, வேறு ஏதாவது யோசியுங்கள் என்றதும் சிரித்தார்கள். அதற்குள்ளேயே யோசித்திருப்பார்கள்.

இறங்கப் போனேன். வணிகவியல் பேராசிரியர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். முதல்வர் நெளிந்தார்.

"நானும் நடுவர்தான். நான் ஒம்பது போட்டேன்," என்றார். "காஸாவுல குண்டு விழுறதப் பாத்து எனக்குக் கோவம் இருக்கு, நாளைக்கும் இருக்கும். அதுக்காக ஒரு சாதி சனத்தையே அழிச்சவன நல்லவன்னு ஒத்துக்கிட முடியுமா? அன்னைக்கு நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் ஒம்பதையும் அடிச்சிருங்க."

அவரிடம் சொல்லாமல் மறைத்ததற்கு அன்றே அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு முன்னால், கூட்டம் கலைந்ததும், கேட்டுக்கு ஓடினேன். ஜீப்புக்காரர் "வெரசா ஏறும்மா, மேல லோடு கெடக்கு," என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் தோளில் பை மட்டும்தான் இருந்தது.

"பெட்டி எங்க?"

"ரூம்ல," என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள். "வெள்ளிக்கிழம திரிச்சு வருவேன் டீச்சர். சூரியன் போறதுக்கு முன்னால ரெண்டு மெழுகுவத்தி கொளுத்தணும், எங்க வழக்கம். ரூம்ல தீ கூடாதுன்னு உங்க போர்டு உண்டு."

"ஜன்னல் திரையக் கட்டி வச்சிட்டு ஏத்திக்கோ," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகிறது.

"இத்தன வெள்ளிக்கிழமையும் என்ன செஞ்ச?"

"கொளுத்தல," என்றாள். "பிள்ளைங்க ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் யாருன்னு சொல்லணுமல்லோ."