ராஜியைச் சேர்த்துக்கொண்டார்கள்

கொட்டாரத்து ராஜி எம்.ஏ. வரலாறு படிக்க நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிளஸ் டூ முடித்த வருடமே அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். அண்ணன் பத்மகுமாருக்குச் சென்னையில் வேலை. அம்மாவுக்கு முட்டுவலி. அப்பாவைப் புரட்டிப் போடுவது, மலம் எடுப்பது, படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்து வைப்பது எல்லாம் ராஜியின் தலையில் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்பாள். இடையிடையே அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதி முடித்தாள்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் பத்மகுமார் கேட்டான். “இனியாவது உனக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கட்டா?”

“பாரு. அதுக்கு முன்னால நான் காலேஜுக்குப் போணும். பெஞ்சுல இருந்து படிக்கணும். கூட நாலு பேரு வேணும்.”

அந்த நாலு பேர்தான் கிடைக்கவில்லை. சேர்க்கைக்குப் போன அன்று வாட்ச்மேன் அவளைப் பெற்றோர் உட்காரும் கொட்டகைக்குக் கை காட்டினார். அவளும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் எல்லாருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவர்களாக வந்து பேசுவதில்லை. அவள் பேசினால் “சரி மேம்” என்பார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். அதில் பரீட்சைத் தேதி மட்டும் வரும். சிரிப்பும் பேச்சும் வேறொரு குழுவில் நடந்தது என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

ராஜி சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள். தலையில் பூ வைப்பதை நிறுத்தினாள். அவர்கள் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாவிட்டாலும், தானும் சிரித்து வைத்தாள். கும்பலுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் இராஜாக்கமங்கலத்து ஸ்ரீஜித். நல்ல பையன், எதிரே யார் வந்தாலும் பல் தெரியச் சிரிப்பான். அவனோடு எப்போதும் அஸ்வதியும் லட்சுமிப்ரியாவும் இருப்பார்கள்.

ஆகஸ்டில் லட்சுமிப்ரியாவுக்குப் பிறந்தநாள் வந்தது. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த வாதுமை மரத்தில் அவளைத் துப்பட்டாவால் கட்டினார்கள். தலையில் முட்டையை உடைத்தார்கள். தயிரும் மைதாவும் கொட்டி, எச்சில் தட்டு கழுவிய வாளியைக் கவிழ்த்தார்கள். ஆளுக்கொரு போனில் படம் பிடித்தார்கள். முட்டைக் கரு அவள் காதுக்குள் இறங்கியது. ராஜி ஓரமாக நின்று மற்றவர்களோடு கை தட்டினாள். எல்லாரும் போன பிறகு, துப்புரவு வேலை பார்க்கும் ஞானம் விளக்குமாறோடு வந்து, யாரையென்று இல்லாமல் ஏசிக்கொண்டே பெருக்கினாள். ராஜி கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவள் நினைத்தது வேறு. தனக்கு இப்படி யாரும் செய்யமாட்டார்கள், தான் அந்தக் கணக்கிலேயே இல்லை என்று நினைத்தாள்.

கார்த்திகை பிறந்ததும் அஸ்வதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, உங்களுக்கு எப்போ பர்த்டே?”

முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். ராஜி தேதியைச் சொன்னாள். எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அன்று காலையில் பழைய சுடிதார் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னினாள், கழுவச் சுலபமாக இருக்குமே என்று. அம்மா கேட்டாள். “பிறந்தநாளும் அதுவுமா இதையா போட்டுட்டுப் போற?”

“இது போதும்மா” என்றாள். மனசு பறந்துகொண்டிருந்தது.

மதியம் எல்லாரும் ‘ஹேப்பி பர்த்டே’ பாடிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்கள். கேக் வெட்டினாள். அஸ்வதி ஒரு துண்டை வாயில் ஊட்டி, மீதியை முகத்தில் பூசினாள். மரத்தில் கட்டவில்லை. அக்கா என்பதால் மரியாதை. இரண்டு முட்டை உடைத்தார்கள். அது தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிறகு ஸ்ரீஜித் ஒரு பெரிய கோலா பாட்டிலைப் பின்னாலிருந்து எடுத்தான். சந்தையில் மீன் கழுவிய தண்ணீரைப் பிடித்து, குடலும் செதிலுமாக ஹாஸ்டல் மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்தானாம். லட்சுமிப்ரியா மூடியைத் திறந்துகொடுத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் ஊற்றினான்.

கொழகொழவென்று உச்சியிலிருந்து இறங்கி, கழுத்து வழியாக உள்ளே போயிற்று. உதட்டிலும் பட்டது. ராஜி ஓங்கரித்தாள். குனிந்து, தின்ற கேக்கையும் காலையில் தின்ற இட்லியையும் அங்கேயே கக்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். போன்கள் மட்டும் இறங்கவில்லை. அப்பாவின் முதுகில் கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருந்தபோதுகூட அவள் வயிறு இப்படிப் புரண்டதில்லை. அது ஒரு மனிதனுக்கு வந்த நோவு. இது ஆசையாகச் சேர்த்துவைத்த அழுகல்.

“அக்கா, இனி நீங்க நம்ம கேங்கு” என்றான் ஸ்ரீஜித்.

கேன்டீன் குழாயில் எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை. பஸ்ஸில் பின்படிப் பக்கம் நின்றாள். பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். கண்டக்டர் அவளைப் பார்க்காமல் சுற்றிலும் தரையைப் பார்த்தார்.

“கூடைய எங்க வச்சிருக்க? கூடைக்கும் டிக்கெட் எடுக்கணும்.”

“கூடை இல்ல அண்ணே” என்றாள் ராஜி.

வீட்டில் அம்மாவிடம், பஸ்ஸில் யாரோ மீன் தண்ணீரைக் கொட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். சீயக்காய் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், பிறகு சோப்பு போட்டாள். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்த இன்னொரு குழுவில் அவளைச் சேர்த்திருந்தார்கள். அதில் முதலாவதாக அவளுடைய வீடியோ, பாட்டும் இதயங்களும் போட்டு.

ராஜி பார்த்தாள். வாந்தி எடுத்ததை அவளால் பார்க்க முடிந்தது. அதற்கு முந்தைய காட்சியைத்தான் பார்க்க முடியவில்லை. ஸ்ரீஜித் பாட்டிலைத் தூக்குகிறான். அவள் கண்ணை மூடி, பல்லைக் காட்டிச் சிரித்தபடி, அவனுக்கு வசதியாகத் தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறாள். கோவில்நடையில் தீர்த்தம் தெளிக்கும்போது குனிவார்களே, அந்த மாதிரி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் குளிக்கப் போனாள்.

மறுநாள் போகாமல் இருக்கவில்லை. அவளுக்காகப் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அஸ்வதி டப்பாவைத் திறந்து நீட்டினாள். இத்தனை மாதம் ஏங்கியதெல்லாம் அங்கே இருந்தது. ராஜி உட்காரவில்லை.

“ஸ்ரீஜித், அந்த வீடியோவ எடுத்துடு.”

“ஏங்க்கா? சூப்பரா வந்திருக்கு. ஒரு ஃபன்னுதானே.”

“உனக்க தலையில நான் அதை ஊத்தினா உனக்கு ஃபன்னா?”

அவன் முகம் மலர்ந்தது. “ஊத்துங்கக்கா. எனக்கு மார்ச்சுல பர்த்டே. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு.”

அவன் கேலி செய்யவில்லை, மனசோடுதான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் குமட்டலாக இருந்தது. கெட்டவன் என்றால் ஏசிவிட்டுப் போயிருக்கலாம். “எடுத்துடு” என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஜன்னலோரத்தில் தன் பழைய இடத்துக்குப் போனாள். அவன் எடுத்துவிட்டான். அவள் அந்தக் குழுவிலிருந்து விலகினாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குத் திமிர் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சாளை மீன் குழம்பு வைத்தாள். ராஜிக்குப் பிடித்தது. வாசம் வந்ததும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டாள். “என்னட்டி, திடீர்னு சைவக்காரி ஆயிட்டியா?” என்று அம்மா கோபப்பட்டாள். அதன்பின் அவளுக்கு மீன் இறங்கவேயில்லை.

சில வாரம் கழித்துக் கைகழுவும் இடத்தில் லட்சுமிப்ரியா தனியாக வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கும் அது பிடிக்காது. அந்த முட்டை காதுக்குள்ள போய்ச் சீழ் வச்சிட்டு. ஒரு மாசம் ஆசுபத்திரிக்கு நடந்தேன். வீட்டுல சொல்லல.”

ராஜிக்கு முதலில் இரக்கம்தான் வந்தது. பிறகு கேட்டாள். “அப்போ எனக்க தலையில ஊத்தும்போ மூடியத் திறந்து கொடுத்தியே பிள்ளே?”

அவள் யோசிக்கவே இல்லை. “அன்னைக்கு என் தலை இல்லல்லா அக்கா.”

ராஜி குழாயை மூடினாள். மரத்தில் கட்டிப் போட்ட அன்று இவளைப் பார்த்துக் கை தட்டியவர்களில் தானும் ஒருத்தி என்பது நினைவு வந்தது.

“அடுத்த பர்த்டேக்கு நான் உனக்க கூட நிக்கேன்” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் நின்றாள். முட்டை அட்டையோடு கும்பல் வந்தபோது லட்சுமிப்ரியாவுக்கு முன்னால் போய்க் கையை விரித்தாள். “கேக் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். இவளுக்குக் காது சரியில்ல.”

ஸ்ரீஜித் தயங்கினான். “அப்படியா பிரியா? வேண்டாம்னா விட்டுடலாம்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். லட்சுமிப்ரியா சிரித்தாள். ராஜியின் கையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

“விடுங்கக்கா, ஒரு நாள்தானே. எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க.”

ஒரு துணுக்குப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, தானே மரத்தடிக்குப் போய்க் குனிந்து நின்றாள். பஞ்சை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். முதல் முட்டை உடைந்ததும் ராஜி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மதியத்துக்கு மேல் ஒரு வகுப்பு இருந்தது. அதற்கு அவள் திரும்பவில்லை.